முதல் வகுப்பு பிரெஞ்சு இம்மெர்ஷன்: மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. வாரம் முழுக்க அங்கே என்னதான் நடக்கிறது?

மார்க்கம்வாசி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருச்சிக்காரர்கள், கனடாவில் டொராண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிற மார்க்கம் வந்து நான்கு வருடம் ஆகிறது. மகளுக்கு ஆறு வயது. இந்த செப்டம்பரில் முதல் வகுப்பு பிரெஞ்சு இம்மெர்ஷனில், அதாவது பாடங்களை பிரெஞ்சிலேயே நடத்தும் வகுப்பில், சேர்த்தோம். எனக்கும் அவள் அப்பாவுக்கும் பிரெஞ்சில் போன்ஜூர், மெர்சி தாண்டி எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் சேர்ந்தாள், பிற்காலத்தில் வேலைக்கு உதவும் என்றார்கள், சரி என்று போட்டுவிட்டோம். இங்கே மூன்றாம் வகுப்பு வரை எல்லாமே பிரெஞ்சில்தான், ஆங்கிலம் என்று ஒரு பாடம் வருவதே நான்காம் வகுப்பில்.

போன வாரம் டீச்சரைப் பார்க்கப் போயிருந்தோம். நன்றாகக் கவனிக்கிறாள், சொன்ன வேலையைச் செய்கிறாள், ஆனால் பிரெஞ்சில் இதுவரை ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை, கவலைப்படாதீர்கள் என்றார். பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள், அதற்குள் அடுத்த பெற்றோர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். கிண்டர்கார்டனில் ஆங்கிலத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் இவள். வீட்டுக்கு வந்ததும் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல". அவ்வளவுதான். தினமும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் எட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் வருகிறது, அதை யார் அவளுக்கு வாசித்துக் காட்டுவது?

வெள்ளிக்கிழமை டிக்டேஷன் என்று ஐந்து வார்த்தை எழுதி அனுப்புகிறார்கள். போன வியாழன் ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் வாசிக்க வாசிக்க அவள் எழுதினாள். சி, எச், ஏ, டி என்று இருந்தது, 'சாட்' என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அப்படி இல்லம்மா" என்றாள். பிறகு எப்படி என்று கேட்டதற்கு அழுதுவிட்டாள். 'ஷா' என்று சொல்ல வேண்டுமாம், பூனையாம், மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்குள் ஆங்கில வகுப்புக்கு மாற்றிவிடலாம் என்கிறார் இவர். வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம், இதற்கு மேல் எதற்கு மூன்றாவதாக ஒன்று என்று மாமியார் ஊரிலிருந்து போனில் கேட்கிறார். எனக்கு மாற்ற மனமில்லை, ஆனால் பிள்ளை அங்கே ஒன்றும் புரியாமல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாளோ என்ற பயம் ராத்திரியில் தூங்க விடுவதில்லை. அந்த வகுப்பில் ஒரு வாரம் எப்படிப் போகும் என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். பிரெஞ்சே தெரியாத அம்மா வீட்டில் என்ன செய்யலாம்?

மோர்னிங்சைட் அப்பா

தங்கச்சி, என்ர மூத்தவன் இப்ப ஐந்தாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. இரண்டு பேருமே இம்மெர்ஷன்தான். எங்கட ஸ்கார்பரோ பக்கம் முதல் வகுப்புக்கு முந்தின வருடம், சீனியர் கிண்டர்கார்டனிலேயே தொடங்கிவிடும். மூத்தவன் முதல் வருடம் பெப்ரவரி வரைக்கும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. நானும் மனைவியும் நீங்கள் இப்போது படுகிற அதே பாட்டைப் பட்டோம். பிறகு ஒருநாள் பனியில் விளையாடிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தான். கேட்டால் "மதாம் அப்படித்தான் சொல்லுவா" என்றான், மதாம் என்றால் டீச்சர். பூட்ஸை வரிசையாக வை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, பிள்ளை இவ்வளவு நாளும் சும்மா இருக்கவில்லை, சேர்த்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பெற்றோருக்கு பிரெஞ்சு தெரியாது என்று நீங்கள் வருந்துவதற்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வகுப்பே பிரெஞ்சு தெரியாத வீட்டுப் பிள்ளைகளுக்காக உண்டாக்கப்பட்டது. 1965இல் மொன்றியலுக்குத் தெற்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சென் லாம்பெர் என்ற ஊரில், ஆங்கிலம் பேசுகிற தாய் தகப்பன்மார் சிலர் சேர்ந்து பள்ளி நிர்வாகத்தை விடாமல் கேட்டு வாங்கிய வகுப்பு. முதல் வருடம் 26 பிள்ளைகள், கிண்டர்கார்டன். மக்கில் பல்கலைக்கழகத்து வாலஸ் லாம்பெர்ட், ரிச்சர்ட் டக்கர் என்ற இரண்டு பேர் அந்தப் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்து 1972இல் புத்தகமாக எழுதினார்கள். முதல் சில வருடம் ஆங்கில வாசிப்பிலும் எழுத்திலும் கொஞ்சம் பின்தங்கியிருந்து, ஆங்கிலப் பாடம் தொடங்கிய பிறகு எட்டிப் பிடித்துவிட்டார்கள். என்ர மகனிலும் அதைக் கண்ணால் கண்டேன். இரண்டாம் வகுப்பில் அவன் எழுதிய ஆங்கிலத்தைப் பார்த்தால் நீங்கள் பயந்திருப்பீர்கள், இப்போது அவன்தான் வீட்டில் ஆங்கிலப் புத்தகம் கையை விட்டு இறக்காமல் திரிகிறான்.

இன்னொன்றும் முதலே சொல்லி வைக்கிறேன், கணக்கு. இந்த வருடம் 50 வரைதான், பிரச்சினை இல்லை. அடுத்த வருடம் 70 தாண்டும்போது வரும். பிரெஞ்சில் எழுபதுக்கு 'அறுபது-பத்து' என்பார்கள், எண்பதுக்கு 'நாலு இருபது', 97 என்றால் 'நாலு இருபது பதினேழு'. டீச்சர் வாயால் சொல்ல என்ர மகன் கொப்பியில் 42017 என்று எழுதி வந்தான். காதில் விழுந்தபடி 4, பிறகு 20, பிறகு 17! நாங்கள் அவனை மேசையில் இருத்தி, தமிழிலும் ஒன்பதுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது, தொண்ணூறு என்பதில் நூறு எங்கே இருந்து வந்தது என்று யோசி என்று சொல்லிக் கொடுத்தோம். அவனுக்கு அது பெரிய புதினமாகப் போய்விட்டது, வகுப்பில் போய் மதாமுக்கே சொல்லியிருக்கிறான்.

கிறிஸ்துமஸோடு மாற்ற வேண்டாம். ஜூன் வரை பாருங்கள்.

வெண்பலகை

நான் டர்ஹம் பகுதியில் முதல் வகுப்பு இம்மெர்ஷன் டீச்சர், இது ஒன்பதாவது வருடம். வாரம் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள் அல்லவா, என் வகுப்பைச் சொல்கிறேன், உங்கள் மகளுடையதும் பெரும்பாலும் இதே மாதிரிதான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை எல்லோரும் கம்பளத்தில் உட்காருவார்கள். பலகையில் 'மெஸாஜ் து மத்தேன்', அதாவது காலைச் செய்தி, மூன்று வரி எழுதியிருப்பேன், நடுவில் சில எழுத்துகளை வேண்டுமென்றே விட்டிருப்பேன். அன்றைய நண்பர் என்று ஒரு பிள்ளை, 'ஆமி து ஜூர்', எழுந்து வந்து குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்ட மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். இன்று என்ன கிழமை, நேற்று என்ன, நாளை என்ன. பிறகு அந்தப் பிள்ளை ஜன்னலுக்கு ஓடிப் போய் வெளியே பார்த்துவிட்டு வந்து சூரியன், மேகம், மழை, பனி அட்டைகளில் ஒன்றை எடுத்து மாட்ட வேண்டும். 'கேல் தாம் ஃபெத்தில்?' என்று நான் கேட்பேன், வானிலை எப்படி இருக்கிறது என்று அர்த்தம். தினமும் இதே கேள்வி, இதே வரிசை, ஜூன் வரை. வெளியாள் பார்த்தால் சலிப்பாக இருக்கும். ஆனால் அடுத்து என்ன கேட்பேன் என்று முன்கூட்டியே தெரிவதால்தான் மொழி தெரியாத பிள்ளைக்கு அங்கே கால் ஊன்ற இடம் கிடைக்கிறது. நான் மொழிபெயர்த்துச் சொல்வதே இல்லை. கையால் காட்டுவேன், நடித்துக் காட்டுவேன், படம் வரைவேன், திரும்பத் திரும்பச் சொல்வேன்.

திங்களன்றே வாரத்துக்கான ஒலியும் வந்துவிடும். இந்த வாரம் எங்களுக்கு 'ஊ'. ஓ எழுத்தும் யூ எழுத்தும் சேர்ந்தால் ஊ. ஓநாய்க்கு 'லூ', ஆந்தைக்கு 'இபூ', முழங்காலுக்கு 'ஜெனூ', சிவப்புக்கு 'ரூஜ்'. இருபது பிள்ளைகளும் தலையைத் தூக்கி ஓநாய் மாதிரி ஊளையிட்டுத்தான் கற்றுக்கொள்வார்கள். அப்புறம் வாரம் முழுக்க எந்தப் புத்தகத்தில் அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தாலும் கத்துவார்கள்.

செவ்வாய், புதன் எல்லாம் நான்கைந்து பேராகப் பிரிந்து வேலை. ஒரு கூட்டம் என்னோடு அரைவட்ட மேசையில் வாசிக்கும், ஒரு கூட்டம் களிமண்ணில் வார்த்தை உருட்டும், ஒன்று ஹெட்ஃபோன் மாட்டிக் கதை கேட்கும், ஒன்று சின்ன வெள்ளைப் பலகையில் எழுதும். எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான், ஏனென்றால் கம்பளத்தில் வாய் திறக்காத பிள்ளை இங்கே நான்கு பேருக்கு நடுவில் மெதுவாகச் சொல்லிப் பார்க்கும். சில சமயம் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. அதையும் நான் பேச்சாகத்தான் குறித்து வைப்பேன்.

வெள்ளியன்று டிக்டேஷன், 'திக்தே'. அதற்குப் பிறகு 'மோந்த்ர எ ரகோந்த்', வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டு வந்து காட்டிச் சொல்வது. 'இதோ என்னுடைய...', 'அது ... நிறம்', 'எனக்குப் பிடிக்கும்', இந்த மூன்று வாக்கியத்தையும் எழுதி ஒட்டியிருப்பேன், நடுவில் தன் வார்த்தையைப் போட்டுச் சொன்னால் போதும். இரண்டு வருடம் முன்பு ஒரு தமிழ்ப் பையன் பாட்டியின் பல்லாங்குழியைக் கொண்டு வந்தான். பதினான்கு குழியிலும் புளியங்கொட்டை போட்டு வகுப்பே சுற்றி உட்கார்ந்து ஆன், தெ, துருவா, காத்ர என்று பிரெஞ்சில் எண்ணியது. அதுவரை என்னிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசியவன் அன்றைக்கு யார் அடுத்து ஆட வேண்டும் என்று பிரெஞ்சில் அதட்டினான். 'ஆ துவா!' உன் முறை!

பிள்ளைகள் எல்லோரும் முதலில் கற்கும் முழு வாக்கியம் எது தெரியுமா? 'எஸ்க் ஜ பெ அலே ஒ துவாலெத்?' கழிப்பறைக்குப் போகலாமா. எங்கே ஒரு வார்த்தை முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று அதில் ஒருவருக்கும் தெரியாது, ஒரே மூச்சில் ஒரு பாட்டு மாதிரி வரும். உங்கள் மகளிடம் சும்மா கேட்டுப் பாருங்கள், அவளுக்கு நிச்சயம் தெரியும். தெரியாவிட்டால் இத்தனை நாள் சமாளித்திருக்க முடியாது.

நாங்கள் தப்பைத் தப்பு என்று சொல்வதில்லை. திங்களன்று ஒரு பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போனதைத் தப்பான வினைச்சொல் போட்டுச் சொன்னால், 'ஓ, பாட்டி வீட்டுக்கா போனாய்?' என்று சரியான வாக்கியத்தைக் கேள்வியாகத் திருப்பிக் கொடுப்பேன். நம் வீட்டில் இரண்டு வயசுக் குழந்தை மழலையில் சொன்னதை நாம் நல்ல தமிழில் திருப்பிச் சொல்கிறோமே, அதே வேலைதான். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் இம்மெர்ஷன் பிள்ளைக்குக் குறைந்தது 3,800 மணி நேரம் பிரெஞ்சில் பாடம் நடக்க வேண்டும். நவம்பர் நடுவில் உங்கள் மகள் கேட்டிருப்பது ஏறக்குறைய 250 மணி நேரம். ஒரு குழந்தை எத்தனை மாதம் கேட்ட பிறகு அம்மா என்று சொல்கிறது, நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் என்ன செய்வது என்றால், தமிழில் வாசியுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். ராத்திரி படுக்கும் முன் தமிழில் கதை வாசித்து, தமிழிலேயே அதைப் பற்றிப் பேசுங்கள். ஆந்தை என்றால் என்ன, அது ராத்திரியில் விழித்திருக்கும், மரப்பொந்தில் இருக்கும் என்று தமிழில் தெரிந்த பிள்ளைக்கு 'இபூ' என்பது இன்னொரு பெயர், அவ்வளவுதான். ஆந்தையையே தெரியாத பிள்ளைக்கு நான் ஆந்தையையும் சொல்லிக் கொடுத்து பெயரையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். என் வகுப்பில் வீட்டு மொழி வலுவாக இருக்கிற பிள்ளைகள் கதையைச் சட்டென்று பிடித்துக்கொள்வதை வருடாவருடம் பார்க்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு 'து', 'வூ' வித்தியாசம் சொல்லித் தரவே வேண்டாம், ஒன்று நீ, இன்னொன்று நீங்கள், உடனே தலையாட்டுவார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அது ஏன் இரண்டு என்று புரிய நாளாகும்.

உச்சரிப்புக்கும் அப்படித்தான். நீங்கள் திருச்சி என்றீர்கள். சாதாரணமாகப் பேசும்போது 'மரம்' என்று சொல்லிப் பாருங்கள், கடைசியில் உதடு மூடுகிறதா? மூடாது, மூச்சு மூக்கு வழியாகப் போய்விடும். பிரெஞ்சில் 'போன்' (நல்ல), 'மேஸோன்' (வீடு) என்பதில் கடைசியில் வருவதும் அதே ஜாதி ஒலிதான். அந்த ன் முழுதாக ஒலிக்காது. உங்கள் மகளுக்கு இது வாயிலேயே இருக்கிறது.

டிக்டேஷன் வார்த்தைகளை வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள், ஐந்து வார்த்தைக்கு அரை நிமிடம் கூட ஆகாது, கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். புக்கிலி என்று ஒரு செயலி இருக்கிறது, இலவசம், பிரெஞ்சுக் கதைகளை அதுவே வாசித்துக் காட்டும், நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள். இன்னொன்று, வியாழக்கிழமை அவளை டீச்சராக்கி நீங்கள் மாணவியாக உட்காருங்கள். விருந்தாளி வரும்போது மட்டும் 'பிரெஞ்சில் ஏதாவது சொல்லு' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியால் வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஏரிக்கரை

எல்லோரும் பொறு பொறு என்கிறார்கள், நான் பொறுத்துப் பார்த்து மாற்றியவள், அதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

என் மகன் முதல் வகுப்பு முழுக்க இம்மெர்ஷனில் இருந்தான். அந்த வருடம் அவன் வகுப்புக்கு மூன்று டீச்சர்கள் மாறினார்கள், நடுவில் சில வாரம் பிரெஞ்சே தெரியாத மாற்று ஆசிரியர் வந்து வரையச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு டீச்சர் கிடைப்பது இங்கே எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும், அதை யார் மேலும் பழியாகப் போடவில்லை. ஆனால் என் பிள்ளைக்கு எழுத்தே மனதில் நிற்கவில்லை. பிரெஞ்சில் மட்டும் அல்ல, வீட்டில் நான் அ, ஆ சொல்லிக் கொடுத்தாலும் மறுநாள் மறந்திருப்பான். ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிறு வலிக்கிறது என்பான். ஒவ்வொரு சந்திப்பிலும் நேரம் கொடுங்கள் என்றார்கள். வாசிப்புக்குத் தனியாக உதவும் டீச்சர் அந்தப் பள்ளியில் ஆங்கிலப் பிரிவுக்கு மட்டும்தான் இருந்தார். இரண்டாம் வகுப்பு ஜனவரியில் மாற்றினேன். மாற்றிய அன்று காரில் உட்கார்ந்து அழுதேன், ஏதோ தோற்றுவிட்ட மாதிரி. இப்போது வாசிக்கிறான், மெதுவாக, ஆனால் வாசிக்கிறான். ஞாயிறு வயிற்றுவலி போய்விட்டது.

உங்கள் மகள் பேசாததை மட்டும் வைத்து முடிவு எடுக்க வேண்டாம் என்பதில் நானும் மற்றவர்கள் பக்கம்தான். சொன்னதைச் செய்கிறாளா, இல்லை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறாளா என்று டீச்சரிடம் குறிப்பாகக் கேளுங்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

வெண்பலகை

ஏரிக்கரை, நீங்கள் தோற்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு உதவி எங்கே கிடைத்ததோ அங்கே கொண்டு போய்ச் சேர்த்தீர்கள். வாசிப்பில் திணறும் பிள்ளை எந்த மொழியிலும் திணறும், மொழியை மாற்றினால் மட்டும் அது போகாது, ஆனால் உதவியே ஆங்கிலப் பக்கம்தான் என்று ஆன பிறகு வேறு என்ன செய்வது. இம்மெர்ஷனிலும் அந்த உதவி கிடைக்க வேண்டும் என்று எங்களில் பலர் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

மார்க்கம்வாசி, அவர் கடைசியில் எழுதிய கேள்வி நல்ல கேள்வி, அதையே டீச்சரிடம் கேளுங்கள்.

பார்க் எக்ஸ் தம்பி

நான் மொன்றியல். எங்கள் கதை வேறு, கியூபெக் மாகாணத்தின் 1977 பிரெஞ்சு மொழிச் சட்டத்துக்குப் பிறகு இங்கே குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். நான் பத்து வயதில் வந்து 'கிளாஸ் தகேய்' என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கான வகுப்பில் ஒரு வருடம் இருந்தேன். அதுவும் கிட்டத்தட்ட நீங்கள் சொல்வது போலத்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம், எனக்கு விளையாட்டு முற்றத்திலும் பிரெஞ்சு, பஸ்ஸிலும் பிரெஞ்சு, மூலைக்கடையிலும் பிரெஞ்சு. ஒன்டாரியோப் பிள்ளைகளுக்கு மணி அடித்ததும் முற்றத்தில் ஆங்கிலம் வந்துவிடும். டீச்சர் ஒருவரின் வாய்தான் அவர்களுக்கு மொத்த பிரெஞ்சு நாடும். அதனால் மொன்றியல் பிள்ளையோடு ஒப்பிட்டு ஏமாற்றம் அடைய வேண்டாம் அக்கா.

என் அக்கா மகள் ஸ்கார்பரோவில் ஆறாம் வகுப்பு இம்மெர்ஷன். கோடை லீவுக்கு எங்களிடம் வந்தாள். முதல் நாள் கடைக்காரர் பேசியது அவளுக்கு விளங்கவில்லை, ஏனென்றால் 'ஜ ஸுயி' (நான் இருக்கிறேன்) என்று அவள் படித்ததை இங்கே 'ஷு' என்று விழுங்கிவிடுவார்கள். முகம் வாடிப் போய் வந்தாள். இரண்டாவது வாரம் அதே கடையில் பாலும் பாணும் வாங்கி, மீதிச் சில்லறை குறைகிறது என்று சண்டை பிடித்து வாங்கி வந்தாள். அவளும் முதல் வகுப்பில் பேசாமல் இருந்தவள்தான், அக்கா போனில் எங்கள் அம்மாவிடம் சொல்லி அழுதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

முடிந்தால் சனிக்கிழமை காலை பார்க்கிற கார்ட்டூனை பிரெஞ்சில் மாற்றிப் போடுங்கள். இன்னொருவர் வாயிலிருந்தும் அந்த மொழி வரட்டும்.

மோர்னிங்சைட் அப்பா

தம்பி சொன்ன கார்ட்டூன் நல்ல யோசனை. தங்கச்சி, மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: மார்ச்சில் பள்ளிக்கூடத்தில் மேப்பிள் பாகைக் காய்ச்சிச் சூடாகப் பனியில் ஊற்றி, குச்சியில் சுருட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். என்ர அம்மா அதை ஒருமுறை வாயில் வைத்துவிட்டு, இது எங்கட பனங்கட்டிப் பாகுதானே என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு பேரன் பிரெஞ்சு படிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்க்கம்வாசி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் மிக்க நன்றி. ஏரிக்கரை அக்கா, நீங்கள் சொன்னதை அப்படியே டீச்சரிடம் எழுதிக் கேட்டேன். அவள் யாரையும் பார்த்துச் செய்வதில்லை, சொன்னதும் முதலில் எழுந்திருப்பவள் அவள்தான் என்று பதில் வந்தது. டிக்டேஷன் வார்த்தைகளையும் வாசித்துப் பதிவு செய்து அனுப்பிவிட்டார், நான் கேட்டது அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது போல.

வீட்டில் நானே ஒன்று செய்து பார்த்தேன். போனில் கேட்டுப் பழகிக்கொண்டு, சமையல் செய்துகொண்டே, அவளைப் பார்க்காமல், 'ஃபெர்ம் லா போர்த்' என்றேன், கதவைச் சாத்து. திரும்பிப் பார்த்தால் கதவைச் சாத்திவிட்டு நின்று சிரிக்கிறாள். "அம்மா, ர் அங்க வராது, தொண்டையில வரும்" என்றாள். அப்புறம் வியாழக்கிழமை நான் மாணவி. மாடிப்படியில் முதல் படியில் நான், எனக்குப் பின்னால் கரடி, முயல், கண் பிய்ந்த யானை. அவள் கையில் தோசைக் கரண்டி. காலண்டரைத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள், நான் தப்பாகச் சொன்னதும் அதட்டவில்லை, சரியானதைக் கேள்வியாகத் திருப்பிச் சொன்னாள். வெண்பலகை அக்கா எழுதியிருந்த அதே மாதிரி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. யானைக்கு மட்டும் திட்டு விழுந்தது, கம்பளத்தில் ஒழுங்காக உட்காரவில்லையாம்.

'மரம்' சொல்லிப் பார்த்தோம், நானும் இவரும் கண்ணாடி முன்னால் நின்று. உதடு மூடவே இல்லை. முப்பத்தைந்து வருடமாகப் பேசுகிற வார்த்தை.

வகுப்பில் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை முதல் பனி விழுந்தபோது பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம், கையுறையில் விழுந்ததைப் பார்த்து 'இல் நேஜ்' என்றாள், பனி பெய்கிறது. என்னிடம் சொல்லவில்லை, கையுறையிடம் சொன்னாள். சரி, ஜூன் வரை பார்க்கலாம் என்று இவர் சொல்லிவிட்டார்.

வெண்பலகை அக்கா, வருகிற வெள்ளி அவள் பொருள் காட்ட வேண்டிய முறை. எங்களிடம் பல்லாங்குழி இல்லை, ஊரிலிருந்து கொண்டு வந்த சோழி பன்னிரண்டு இருக்கிறது. கொடுத்துவிடலாமா, சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்களா? சோழிக்கு பிரெஞ்சில் என்ன வார்த்தை?